வாட்டம் பார்க்கும் படிப்பு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்தில் என் அக்கா மகள் என்னிடம் கேட்டாள்: "சித்தி, செடி வைக்கிறதுக்கு எதுக்கு ஏழு வருஷம் படிக்கணும்?" கட்டடக்கலை இளநிலைப் பட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள், அதற்கு மேல் முதுநிலைப் பட்டத்துக்கு இரண்டு ஆண்டுகள் என்று கூட்டி ஏழு என்றாள், அவள் கணக்கு சரிதான். வீடு நிறைய விருந்தினர் இருந்த அந்த வேளையில் நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. அவளைப் போலவே கேட்கும் மாணவர்களும், அவர்களைவிடக் கவலையோடு கேட்கும் பெற்றோரும் இருக்கிறார்கள் என்பதால், பதினான்கு ஆண்டுகளாக நான் செய்துவரும் இந்தத் தொழிலைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

வகுப்பிலும் அலுவலகத்திலும் நாங்கள் இதை லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் என்றுதான் சொல்கிறோம். தமிழில் நிலவடிவமைப்பு என்று நான் எழுதுவது வழக்கம். இந்தப் படிப்பின் சாரத்தை ஒரே சொல்லில் எனக்கு விளங்க வைத்தவர் ஒரு கொத்தனார். மொட்டை மாடியில் தட்டோடு பதிக்கும் முன் அவர் நூலைப் பிடித்துக்கொண்டு நின்று, "வாட்டம் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். மழைநீர் தேங்காமல் ஓட, தரைக்குக் கொடுக்கும் மெல்லிய சரிவைத்தான் வாட்டம் என்கிறார்கள். ஒரு மாடிக்கு அவர் கேட்ட அந்தக் கேள்வியை ஒரு தெருவுக்கும், ஒரு வளாகத்துக்கும், ஓர் ஆற்றுப்படுகைக்கும் கேட்கக் கற்றுக்கொள்வதே நிலவடிவமைப்புப் படிப்பின் பெரும்பகுதி என்பேன். செடி அதற்குப் பிறகு வருகிறது.

முதுநிலை முதல் பருவத்தில் எங்களுக்குச் சென்னைப் புறநகரில், ஓர் ஏரிக்கு அருகில், ஏறக்குறைய பத்து ஏக்கர் நிலத்தைக் கொடுத்து ஒரு பூங்கா வரையச் சொன்னார்கள். ஐந்து ஆண்டுகள் கட்டடம் வரைந்த பழக்கத்தில் நான் நடைபாதைகளையும், வட்டமான திறந்தவெளி அரங்கத்தையும், ஒரு சிறு உணவகத்தையும் அழகாக வரைந்து எடுத்துச் சென்றேன். ஆசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, நீலப் பென்சிலை என் கையில் கொடுத்து, இந்த நிலத்தில் விழும் மழை எங்கே போகிறது என்று முதலில் வரைந்து காட்டும்படி சொன்னார். என்னால் ஒரு கோடுகூட இழுக்க முடியவில்லை.

அடுத்த நாள் நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் ஆட்டோ லெவல் கருவியையும் அளவுக்கோலையும் தூக்கிக்கொண்டு நால்வராகப் போனோம். பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் நாள் முழுவதும் மட்டம் எடுத்து, அன்றிரவே ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளை இணைக்கும் சமமட்டக் கோடுகளை வரைந்து பார்த்தபோது, கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்த அந்த நிலம் மேற்கிலிருந்து கிழக்கே ஒன்றரை மீட்டர் வரை இறங்குவது தெரிந்தது. நடுவில் ஒரு பட்டை மட்டும் இரு பக்கத்தையும்விட ஓரடி தாழ்ந்திருந்தது. காலையில் அதே இடத்தில் கோரை வளர்ந்திருப்பதைப் பார்த்தும் பொருட்படுத்தாமல் தாண்டி வந்திருந்தோம். ஈரம் நீண்ட நாள் நிற்கும் மண்ணில்தான் கோரை அப்படி அடர்ந்து, நேராக, ஒரு வரிபோல வளரும். அது ஏரிக்கு நீர் கொண்டு செல்லும் பழைய வரத்துக்கால். நான் வரைந்த அரங்கம் சரியாக அதன் மேல் உட்கார்ந்திருந்தது.

அந்த வாரமே நிலத்தில் ஓரடி நீள, அகல, ஆழத்தில் ஒரு குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, உள்ளே ஒரு அளவுகோலைக் குத்தி வைத்து, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தோம். மேட்டுப் பக்கத்துச் செம்மண்ணில் தண்ணீர் பேசிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போயிற்று. பள்ளத்துக் களிமண்ணில் ஒரு மணி நேரத்துக்கு அரை அங்குலம்கூட இறங்கவில்லை. ஒரு பிடி ஈரமண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடாபோல் அழுத்தித் தள்ளினால், மணல் கலந்த மண் உடனே உதிரும், களிமண் நீளமாக வரும். ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் இன்றும் நான் முதலில் செய்வது இந்தச் சோதனையைத்தான்.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளியது. ஆனால் ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்கு நிலம் பிறகு வேறாகத் தெரியும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை கொட்டினால், அந்த ஓர் ஏக்கரில் மட்டும் 4 லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. 12,000 லிட்டர் லாரி கணக்கில் பார்த்தால் 33 லாரிக்கு மேல் தண்ணீர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக்கு இது அரிய மழையும் அன்று. மண் தரையாக இருந்தால் இதில் ஒரு பங்கு உள்ளே போகும்; காங்கிரீட்டும் தட்டோடும் பரப்பிய வளாகமாக இருந்தால் ஏறக்குறைய முழுவதும் அடுத்தவர் வாசலுக்குப் போகும். 2015 டிசம்பர் 1, 2 ஆகிய நாட்களில் சென்னையில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு மேல் ஏரியின் உபரிநீர் வாயிலான கலிங்கு வழிந்து கீழ் ஏரிக்குப் போவதும், அது நிறைந்து அடுத்ததற்குப் போவதுமாகச் சங்கிலியாய்க் கோத்துக் கட்டிய ஏரிகள் இந்த வட்டாரம் முழுவதும் இருந்தன. தென் சென்னைப் பக்கத்து ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கடைசியில் கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர வேண்டும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்க்கப்பட்ட அந்தச் சதுப்பு நிலத்தைச் சுற்றி இன்று நிற்கும் கட்டடங்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்த வரைபடங்களில் எவர் கையிலாவது நீலப் பென்சில் இருந்திருக்குமா என்று எனக்குத் தோன்றும்.

செடிகளைப் பற்றிய படிப்பும் உண்டு. அது இனிமையானது, கடினமானது. ஒரு பருவத்தில் நூறு தாவரங்களையாவது இலை, பட்டை, பூ, முதிர்ந்த உயரம், வேரின் போக்கு ஆகியவற்றோடு அடையாளம் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஆசிரியை ஒருவர், கோயில்காடுகளுக்கு அழைத்துப் போய் வீரை, காயா, உலக்கைப்பாலை முதலிய மரங்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். கிழக்குக் கடற்கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடுகளின் மரங்கள் அவை. மெதுவாக வளரும், புயலுக்கு அசையாது, நர்சரிகளில் தேடினால் கிடைப்பது அரிது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்த மறுநாள், நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து கிடந்தன. நான் நடந்து பார்த்த தெருக்களில் விழுந்தவற்றில் பல மயில்கொன்றையும் இயல்வாகையும். அவற்றின் அடிமரம் வரை காங்கிரீட் நெருக்கிப் போட்டிருந்ததையும், மழைநீர் வடிகாலுக்குத் தோண்டியபோது ஒரு பக்க வேரை வெட்டியிருந்ததையும் அன்று குறிப்பெடுத்து வைத்தேன். மரத்தை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. வேருக்கு எவ்வளவு மண் விட வேண்டும் என்று வரைபடத்தில் எழுதி, எழுதியபடி தளத்தில் நடக்கிறதா என்று பார்ப்பதும் எங்கள் வேலைதான்.

இனி, எங்கே, எப்படிப் படிப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பெரும்பாலும் இது முதுநிலைப் படிப்பு. கணிதம், இயற்பியல் பாடங்களோடு பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, கட்டடக்கலை நுழைவுத் தேர்வான நாட்டா எழுதி, பி.ஆர்க். என்ற இளநிலைப் பட்டம் படித்து, அதன்பின் எம்.ஆர்க். என்ற முதுநிலைப் பட்டத்தில் லேண்ட்ஸ்கேப் பிரிவைத் தேர்ந்தெடுப்பதே வழக்கமான பாதை. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியில் இந்தப் பிரிவு இருக்கிறது; டெல்லியிலும் போபாலிலும் உள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளிலும் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. இலங்கை மாணவர்கள் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இளநிலையிலேயே இதைப் படிக்கலாம். அமெரிக்காவில் கட்டடக்கலை படிக்காதவர்களுக்கும் மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு உண்டு. தாவரவியலோ புவியியலோ படித்துவிட்டு இதற்கு வருபவர்கள் அங்கே வியப்புக்குரியவர்கள் அல்லர். ஹார்வர்டில் 1900இலேயே தொடங்கிய படிப்பு இது. நம் நாட்டிலும் அந்தக் கதவு இன்னும் அகலமாகத் திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேளாண் பட்டதாரி ஒருவருக்கு மண்ணைப் பற்றித் தெரிந்ததில் பாதிகூட, பி.ஆர்க். முடித்து வந்த எனக்கு அன்று தெரியாது.

ஒரு சட்டச் செய்தியையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டு கட்டடக் கலைஞர்கள் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவர்களே இங்கே ஆர்க்கிடெக்ட் என்று தம்மைச் சொல்லிக்கொள்ள முடியும். நிலவடிவமைப்பாளருக்கென்று அதுபோன்ற தனிச்சட்டப் பதிவு நம் நாட்டில் இல்லை. 2003இல் தொடங்கிய இந்திய நிலவடிவமைப்பாளர் சங்கமான இசோலா தொழில்முறை அமைப்பாகச் செயல்படுகிறது. பி.ஆர்க். பட்டம் கையில் இருப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலைக்கு வருவோம். வேலை கிடைக்குமா என்ற கேள்விக்குக் கிடைக்கும் என்றே பதில் சொல்வேன். தொடக்கச் சம்பளம் மென்பொருள் துறையோடு ஒப்பிடக்கூடியதன்று; மற்ற இளம் கட்டடக் கலைஞர்களுக்குக் கிடைப்பது போன்றே இருக்கும். இதைவிட முக்கியமாக நான் பார்க்கச் சொல்வது வேறொன்று: அந்த வேலையில் உன்னை எப்போது அழைப்பார்கள்? நிலத்தை வாங்கிய உடனேயா, கட்டடம் எழும்பி வண்ணம் பூசிய பிறகா? இந்த ஒரு கேள்வியின் பதிலில்தான் இந்தத் தொழிலின் மகிழ்ச்சியும் துயரமும் அடங்கியிருக்கின்றன.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் திறந்தவெளியை வடிவமைக்கும் பணி எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. நாங்கள் போனபோது நிலத்தடி வாகன நிறுத்தத்தின் கூரைத்தளம் வார்த்து முடிந்திருந்தது. அந்தத் தளத்தின் மேல்தான் தோட்டம். விற்பனைப் புத்தகத்தில் நிழல் தரும் பெரிய மரங்களுக்கு அடியில் குழந்தைகள் விளையாடுவதுபோல் படம் போட்டிருந்தார்கள். தளத்தை வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுத்ததோ 45 சென்டிமீட்டர் மண்ணை. நனைந்த மண் ஒரு கனமீட்டருக்கு இரண்டு டன் வரை எடை இருக்கும். பெரிய மரத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் மண் வேண்டும். அந்தத் தளம் அதைத் தாங்காது. புல், புதர், கொடிகளோடு நிறுத்திக்கொண்டு நிழலுக்குப் பந்தல் அமைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தோம். படத்தில் காட்டிவிட்டதால் மரம் இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். கடைசியில் தூண்கள் வரும் இடங்களில் மட்டும் மண்ணை மேடாகக் குவித்துப் பத்து மகிழ மரங்களை வைத்தோம். ஒப்படைக்கும் நாளில் பார்க்க நன்றாகவே இருந்தன. இரண்டு கோடை கழித்து வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, ஆறு மரங்கள் இலை வெளுத்து நுனி காய்ந்து நின்றன, இரண்டைக் காணவில்லை. ஒன்றின் அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். மேலே தூசியாகக் காய்ந்திருந்த மண், ஒரு சாண் ஆழத்தில் வடிகால் அடைத்து நாற்றமெடுத்த சேறாக இருந்தது. தளம் வார்ப்பதற்கு ஆறு மாதம் முன்னால் எங்களுக்கு ஓர் அழைப்பு வந்திருந்தால், அந்தப் பத்து இடத்தில் மட்டும் தளத்தைத் தாழ்த்தச் சொல்லியிருப்போம். மரங்களுக்கும் வேண்டிய ஆழத்துக்கு மண் கிடைத்திருக்கும்.

அதனால் வேலை தேடும் இளையவர்களிடம் அந்தக் கேள்வியையே கேட்கச் சொல்கிறேன். வீட்டுமனை நிறுவனங்களின் உள்பிரிவுகளில் சம்பளம் ஒழுங்காக வரும். பெரும்பாலும் கடைசியில்தான் அழைப்பு வரும். நிலவடிவமைப்பு ஆலோசனை அலுவலகங்களில் வேலை நேரம் நீளும், ஆனால் வரைபடம் முதல் பொருள்களின் அளவுப் பட்டியல் வரை, ஒப்பந்ததாரரோடு வாதாடுவது முதல் நர்சரியில் மரத்தின் சுற்றளவை அளந்து தேர்ந்தெடுப்பது வரை எல்லாம் கற்றுக்கொள்ளலாம். தொடக்க மூன்று ஆண்டுகளை அங்கே செலவிடுவதே சிறந்தது என்பது என் எண்ணம். வளைகுடா நாடுகளில் வாய்ப்பும் ஊதியமும் அதிகம். நீர்ப்பாசன வடிவமைப்பை அங்கே போல வேறெங்கும் கற்க முடியாது. கற்பிக்கும் பணிக்கும் ஆள் தேவைப்படுகிறது.

முதலிலேயே அழைக்கப்படும் வேலைகள் பொதுநிலங்களில்தான் அதிகம் என்பது என் அனுபவம். அடையாற்றின் முகத்துவாரத்தில் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கெட்டுப்போயிருந்த 58 ஏக்கர் உப்பங்கழி நிலத்தை மீட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். இப்போது சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை என்று வழங்கும் அமைப்பு அதை நடத்துகிறது. மீட்புத் திட்டத்தை வகுத்தவர்கள் ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் வனம் என்ற காடு வளர்ப்புக் குழுவினர். அங்கே முதலில் நடந்தது குப்பையை அகற்றிக் கழிக்குள் நீர் வந்துபோக வழி செய்தது. மாங்குரோவும் நிலத்துக்குரிய மரங்களும் அதன்பின் வந்தன. மாணவர்களை நான் அங்கே அழைத்துப் போகும்போது, நடைபாதையில் நின்று கழியின் கரையையே பார்க்கச் சொல்வேன். மேலிருந்து கீழே வர வர, ஓரடி இறக்கத்துக்கு ஒரு தாவரக் கூட்டமாக மாறிக்கொண்டே வருவது தெரியும். ஒரு சமமட்டக் கோடு உயிரோடு வளர்ந்து நிற்பதைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

சிங்கப்பூரின் பீஷான்–அங் மோ கியோ பூங்காவுக்கு நான் ஒரு பயிற்சிக்காகப் போயிருந்தேன். 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோடாய்ப் போன காங்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து செல்லும் காலாங் ஆறாக மாற்றி, 62 ஹெக்டேர் பூங்காவோடு இணைத்து 2012இல் திறந்த இடம் அது. சாதாரண நாட்களில் மக்கள் ஆற்றோரப் புல்வெளியில் இறங்கி நடக்கிறார்கள், பெருமழை நாளில் அதே புல்வெளி வெள்ளம் விரிந்து ஓடும் இடமாகிறது. அந்த ஒரு வடிவமைப்பில் நீரியல் பொறியாளரும் நிலவடிவமைப்பாளரும் தாவரம் அறிந்தவரும் முதல் நாளிலிருந்தே ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது கரையின் ஒவ்வொரு வளைவிலும் தெரிகிறது. பள்ளியில் நான் படித்த நாட்களில் கூவத்தின் இரு கரைக்கும் சுவர் எழுப்புவதையே சீரமைப்பு என்று நினைத்திருந்தேன். அங்கே நின்றபோது மிகுந்த ஏக்கம் வந்தது.

இந்தத் தொழிலில் பொறுமை வேண்டும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. டெல்லியில் உமாயூன் கல்லறைக்குப் பக்கத்தில் 90 ஏக்கரில் இருக்கும் சுந்தர் நர்சரியை இன்று பார்ப்பவர்கள் வியக்கிறார்கள். அதை வடிவமைத்த முகமது ஷாகீர், டெல்லி திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளியில் பல தலைமுறை மாணவர்களுக்கு ஆசிரியர், 2015இல் காலமானார். பூங்கா பொதுமக்களுக்குத் திறந்தது 2018இல். கட்டடம் திறப்பு விழா அன்று முழுமையாக இருக்கும். எங்கள் வேலை அன்றுதான் முளைவிடத் தொடங்கியிருக்கும். பராமரிப்புக்கான முதல் மூன்று ஆண்டுத் தொகையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அக்கா மகளுக்கு இவ்வளவும் சொன்ன பிறகு, அடுத்த மழையின்போது உன் தெருவில் தண்ணீர் போகும் திசையை அம்புக்குறி போட்டு வரைந்து காட்டு, பிறகு விண்ணப்பத்தைப் பற்றிப் பேசலாம் என்று கேட்டிருந்தேன். சென்ற வாரம் மாலையில் இடியோடு ஒரு மணி நேரம் கொட்டியது அல்லவா, அன்றிரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் அவர்கள் தெரு, பதினெட்டு வீடுகள், இரண்டு மின்கம்பங்கள், ஒரு வேப்பமரம், நீல நிறத்தில் அம்புகள். தெருமுனைக் கடைக்கு எதிரே மூன்று பக்க அம்புகளும் ஒன்றாக வந்து முட்டும் இடத்தில் வட்டமிட்டு எழுதியிருந்தாள்: "சித்தி, வடிகால் மூடி இங்கேதான் இருக்கு, ஆனா தண்ணி அதைத் தாண்டி நாலடி தள்ளித்தான் நிக்குது. ஏன்?" மூடியை வைத்தவர்கள் வாட்டம் பார்க்காமல் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, அளக்காமல் சொல்லக் கூடாது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோ லெவலை எடுத்துக்கொண்டு வருகிறேன், அளவுக்கோலை நீ பிடி என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.